ஐந்தாவது நாற்காலி

எங்கள் பேட்டையில் தோலால் பணக்காரரான எவர் வீட்டிலும் தோல் நாற்றம் அடிக்காது. அப்படி யோசித்துத்தான் அந்த ஊரைக் கட்டியிருந்தார்கள். பாலாற்றங்கரையை ஒட்டித் தோல் பதனிடும் டேனரிகள். அங்கிருந்து கால் மணி நேரம் நடந்தால், காற்று எந்தப் பக்கமிருந்து ஜாஸ்தி வீசுகிறது என்று பார்த்து, அதற்கு ஏற்ற மாதிரி தள்ளி அமைத்த வியாபாரிகளின் வீடுகள். பர்மா தேக்குத் தூண்கள், கலர் கண்ணாடி பதித்த ஜன்னல்கள், மாடியில் கிராமபோன். பட்டணத்தில் மண்டி, லண்டனில் ஏஜெண்டு. தெருவுக்குத் தெரு விளக்குக் கம்பம் இருந்தது. வேலூரிலிருந்து வருகிறவர்கள் அதைக் குட்டி லண்டன் என்பார்கள். பாதி கேலி, பாதி வயிற்றெரிச்சல். மொத்தம் ஏழு தெருக்கள்.

எட்டாவதாக ஒன்று இருந்தது. அது நாங்கள் இருந்த தெரு. டேனரிகளின் பின்பக்கச் சுவரை ஒட்டி, கூரை வீடுகளாக நாற்பது குடும்பம். ஏழு தெருவையும் பெருக்கியவர்கள், டேனரியில் சுண்ணாம்புக் குழியில் இறங்கியவர்கள், தோல் பதனிட ஆவாரம்பட்டை இடித்தவர்கள் எல்லோரும் அங்கேதான் குடியிருந்தோம். எங்களுக்கு விளக்குக் கம்பம் கிடையாது.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டு வரை படித்தவன். அதனால் குழியில் இறங்காமல், பதனிட்டுக் காய்ந்த தோலை ரகம் பிரிக்கிற வேலையில் இருந்தேன். தோலை மேஜை மேல் விரித்து விரலால் நீவினால் போதும், அந்த ஆடு எந்தப் பக்கம் வேலி முள்ளில் உரசியது என்பது வரை சொல்லிவிடுவேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்கிப் போட்டுவிட்டால் வெள்ளைக்காரனே மறு பேச்சுப் பேசமாட்டான். மனுஷனை ரகம் பிரிக்கத்தான் எனக்குத் தெரியவில்லை. அதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

பேட்டையை ஆண்டது யூனியன் போர்டு. கலெக்டர் வேலூரில் இருந்தார். எப்போதாவது வந்து மாலை வாங்கிக்கொண்டு போவார். மற்றபடி எந்தத் தெருவில் சரளை கொட்டுவது, எந்தச் சாக்கடையை எந்தப் பக்கம் திருப்புவது என்பதெல்லாம் போர்டு வைத்ததுதான் சட்டம். போர்டில் ஒன்பது மெம்பர்கள். அதில் எட்டுப் பேர் தோல் வியாபாரிகள். பேட்டையில் எல்லா மதத்து வியாபாரிகளும் இருந்தார்கள். சாமி விஷயத்தில் தனித்தனி, சாக்கடை விஷயத்தில் ஒரே குடும்பம். தங்கள் வீட்டுச் சாக்கடை எங்கள் தெருப் பக்கம் ஓடவேண்டும் என்பதில் அவர்களுக்குள் ஒருநாளும் சண்டை வந்ததில்லை.

ஒன்பதாவது மெம்பரை ஆதி திராவிடர் சார்பில் நியமிக்க வேண்டும் என்று சர்க்கார் உத்தரவு. அந்த இடம் ஒரு வருஷமாகக் காலியாகக் கிடந்தது. கையெழுத்துப் போடத் தெரிந்த ஆள் யார் என்று தேடியபோது என் பெயர் அகப்பட்டது. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. தலைகால் புரியவில்லை.

முதல் கூட்டத்துக்குச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். போர்டு ஆபீஸ் ஓட்டுக் கட்டடம். நடுவில் நீள மேஜை, சுற்றி எட்டு நாற்காலிகள், சுவரில் ஓடாத கடிகாரம் ஒன்று. எனக்கென்று கதவோரம் ஒரு முக்காலி போட்டிருந்தான் பியூன். நான் அதில் உட்காரவில்லை, பக்கத்தில் நின்றேன். நின்று பழக்கம். என் அப்பா டேனரி முதலாளி முன்னால் முப்பது வருஷம் நின்றார். அவருடைய அப்பா மணியக்காரர் முன்னால் நின்றார். நிற்பது எங்கள் குடும்பத் தொழில் மாதிரி.

அப்போது பிரசிடெண்ட் எழுந்தார். மேல் தெருவில் பெரிய வீட்டுக்காரர், ஐம்பது வயது, நரைத்த மீசை, மெதுவான பேச்சு. பக்கத்து அறைக்குப் போய் ஒரு நாற்காலியை அவரே தூக்கி வந்து மேஜையருகே போட்டார். என்னைப் பார்த்து, "வாங்க தம்பி, இங்க வந்து உக்காருங்க. மெம்பர்னா மெம்பர்தான்" என்றார்.

வாங்க என்றார். அதுவரைக்கும் பேட்டையில் எந்த வியாபாரியும் என்னை வாங்க என்று சொன்னதில்லை. மற்ற மெம்பர்கள் முகத்தில் ஈயாடவில்லை. இரண்டு பேர் தங்கள் நாற்காலியை அரை முழம் நகர்த்திக்கொண்டார்கள். நான் உட்கார்ந்தேன். கை வைக்கிற இடத்தில் பிரம்பு வேய்ந்திருந்தது. கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தப் பிரம்பைத் தடவிக்கொண்டிருந்தேன்.

ஜன்னல் பக்கம் பார்த்தால் எங்கள் தெருக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கம்பிக்கு வெளியே நின்று நான் உட்கார்ந்திருப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்து எனக்கும் கண் கலங்கியது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த மனிதருக்காக அன்றைக்கு நான் உயிரைக்கூடக் கொடுத்திருப்பேன். அவர் அவ்வளவு கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "நாற்காலி மெத்துனு இருந்துச்சா?"

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள். கடைப் பலகை, மருந்துச் சீட்டு, பொட்டலம் கட்டிய காகிதம் எது கையில் கிடைத்தாலும் நின்று படித்துவிட்டுத்தான் நகர்வாள். ஆனால் என் பெயரை மட்டும் அவள் வாயால் சொன்னதே கிடையாது. அந்தக் காலத்துப் பெண்பிள்ளைகள் யார்தான் புருஷன் பெயரைச் சொன்னார்கள்? போர்டில் அம்மை குத்துகிறவர் ஒருமுறை வீட்டுக்கு வந்து, "குழந்தையோட அப்பா பேரு இன்னாம்மா?" என்று கேட்டிருக்கிறார். இவள் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, "நீ சொல்லுக்கா" என்றாளாம். அந்த அக்கா தண்ணீருக்குப் போயிருந்தால் அவர் அவள் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். என் பெயரில் தொடங்கும் ஊரின் பெயரைக்கூடச் சுற்றி வளைத்துத்தான் சொல்லுவாள். எனக்கு அது வேடிக்கையாகவும் இருக்கும், உள்ளுக்குள் பெருமையாகவும் இருக்கும்.

இப்போது தண்ணீர். எங்கள் தெருவில் ஒரு கிணறு இருந்தது. நான் சின்னப் பையனாக இருந்தபோது அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கிறேன். டேனரிகள் பெருகப் பெருக, பட்டைத் தண்ணீரும் சுண்ணாம்புத் தண்ணீரும் மண்ணுக்குள் இறங்கி, கிணறு தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டது. அதில் துணி துவைத்தால் வெள்ளை வேட்டி காவியாகும். குடிதண்ணீருக்குப் பெண்கள் பாலாற்றுக்குப் போனார்கள். மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்ப வேண்டும். சித்திரை வெயிலில் ஊற்று ஆள் மட்டத்துக்குக் கீழே போய்விடும். டேனரிகளுக்கு மேற்காக, சுத்தமான மணல் இருக்கிற இடம் வரைக்கும் நடக்க வேண்டும். போக வர ஒன்றரை மணி நேரம். என் மனைவி ஒரு நாளைக்கு மூன்று நடை போனாள். அப்போது இரண்டாவது பிள்ளை அவள் வயிற்றில் நான்கு மாதம்.

அந்தச் சமயத்தில்தான் பேட்டைக்குக் குழாய்த் தண்ணீர் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியது. ஆற்றில் பெரிய கிணறு வெட்டி, ஆயில் என்ஜின் வைத்து இறைத்து, மேட்டில் தொட்டி கட்டி, தெருக்களுக்குக் குழாய் போடுவது. போர்டு ஆபீசில் வேறு பேச்சே இல்லை. உடனே மெம்பர்கள் இரண்டு கட்சியானார்கள். தொட்டியை மேல் தெருவில் கட்ட வேண்டும் என்று பிரசிடெண்டும் அவரோடு மூன்று பேரும். பஜார்த் தெருவில்தான் கட்ட வேண்டும் என்று மற்ற நான்கு பேரும். தொட்டி எங்கே இருக்கிறதோ அங்கே குழாயில் வேகம் ஜாஸ்தி. அதற்காகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்திகள் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள்.

எனக்குத் தொட்டி எங்கே வந்தாலும் ஒன்றுதான். எனக்கு வேண்டியது ஒரு குழாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பிரசிடெண்ட் வீட்டுக்கே போனேன். வாசலில் நிற்கவைக்காமல் முன் கூடத்துக்கு அழைத்தார். விஷயத்தைச் சொன்னேன். வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி ஆற்றுக்கு நடக்கிறாள் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று பிறகு எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

அவர் என் தோளில் கை வைத்தார். "தம்பி, உங்க தெருவுக்கு ஒரு குழாய் உண்டு. இது என் வார்த்தை. நீங்க கூட்டத்துக்கு மட்டும் தவறாம வந்துடுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

கூட்டத்துக்கு மட்டும் வந்துவிடுங்கள் என்று ஏன் அழுத்திச் சொல்கிறார் என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து, "பிள்ள பொறக்கறதுக்குள்ள தெருவுலயே கொழாய் வந்துடும்" என்று அவளிடம் சொன்னேன். அவள் தெருவெல்லாம் சொன்னாள். பெண்கள் எங்கே குழாய் வைத்தால் சௌகரியம் என்று புளியமரத்தடியில் இடம்கூடப் பார்த்துவிட்டார்கள். ஒருத்தி அந்த இடத்தைச் சாணி தெளித்துக் கூட்டினாள்.

கூட்டத்தன்று நான் டேனரியில் தோல் பிரித்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு ஜட்கா வந்து நின்றது. பிரசிடெண்ட் அனுப்பியது. ஜட்காவில் போர்டுக்குப் போகிற முதல் ஆள் எங்கள் தெருவிலிருந்து நான்தான். மேஸ்திரி வாயைப் பிளந்தார். நான் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஏறி உட்கார்ந்தேன்.

ஆபீசில் பஜார்த் தெருக்காரர்கள் நான்கு பேரும் வரவில்லை. நான்கு நாற்காலிகள் காலி. பிரசிடெண்டும் அவருடைய மூன்று பேரும் இருந்தார்கள். என் நாற்காலி என்றைக்கும் இருக்கும் இடத்தைவிட ஒரு சாண் முன்னால், மேஜையை ஒட்டிப் போடப்பட்டிருந்தது. நான் உட்கார்ந்ததும் குமாஸ்தா தலைகளை எண்ணி நோட்டில் குறித்துக்கொண்டு, பிரசிடெண்டைப் பார்த்து இலேசாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்குப் புரியவில்லை.

குமாஸ்தா தீர்மானத்தை வாசித்தார். தொட்டி மேல் தெருவில். குழாய்கள் ஏழு. ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தார். மேல் தெருவுக்கு மூன்று. மற்றத் தெருக்களுக்கு மூன்று. ஏழாவது, டேனரிகளுக்குப் பின்னால் எங்கள் தெரு முனையில், தோல் வண்டி மாடுகளும் ஜட்காக் குதிரைகளும் தண்ணீர் குடிப்பதற்காகக் கட்டப்படும் கல் தொட்டிக்கு.

"ஐயா, எங்க தெருவுக்குன்னு சொன்னீங்களே?" என்றேன்.

"உங்க தெரு முனையிலதான தம்பி வருது?"

"அது மாட்டுக்கு."

"தம்பி, கோவப்படாதீங்க. உங்க தெரு ரிஜிஸ்தர்லயே இல்ல. டேனரி நெலத்துல குடிசை போட்டுகினு இருக்கீங்க, வீட்டு நம்பர் கெடையாது. நம்பர் இல்லாத தெருவுக்குக் கொழாய் போட்டா வேலூர்ல இருந்து கேள்வி வரும். மாட்டுத் தொட்டின்னா யாரும் கேக்க மாட்டாங்க. இப்ப இது ஆவட்டும், உங்களுத அடுத்த வருஷம் பாக்கலாம்."

"அப்ப நாங்களும் மாடு கூடவே குடிக்கலாமா?"

மூன்று மெம்பர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். பிரசிடெண்ட் சிரிக்கவில்லை. "அதெப்படி தம்பி, காலராவுக்கு வழி பண்றதா? ஜனங்க எடுக்கக் கூடாதுன்னு தீர்மானத்துலயே இருக்குது" என்றார். இருந்தது. குமாஸ்தா அந்த வரியை எனக்காக இன்னொரு முறை வாசித்தார்.

நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பாதி எழுந்துவிட்டேன். "அப்ப எனக்கு இங்க வேலை இல்ல. நான் போறேன்" என்றேன்.

அந்த ஒரு கணம்தான். பிரசிடெண்டின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். ஆனால் அவர் குரல் மாறவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தார். எல்லோர் முன்னாலும், தோல் கறை போகாத என் கையைப் பிடித்தார். "உக்காருங்க தம்பி. ஆட்சேபணை இருந்தா உக்காந்தே சொல்லுங்க, குமாஸ்தா எழுதிக்குவாரு. மெம்பர் எழுந்து போறது மரியாதையா?"

நான் உட்கார்ந்தேன்.

அவர் என் முதலாளி இல்லை. நான் வேலை பார்த்தது வேறொருவருடைய டேனரி. என் பிழைப்பில் அவர் கை வைக்க முடியாது. அதனால் பயந்துபோய் உட்கார்ந்தேன் என்று சொல்லித் தப்பிக்கவும் எனக்கு வழியில்லை. உட்காருங்கள் என்று சொன்னதற்காக உட்கார்ந்தேன். காலமெல்லாம் நின்றவனிடம் ஒருவர் கையைப் பிடித்து உட்காருங்கள் என்றால் அவனால் எழுந்து போக முடியுமா? உட்கார்ந்தே பழகியவனுக்கு எழுவது சுலபம். பஜார்த் தெருக்காரர்கள் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். எனக்கு அந்த வித்தை தெரியவில்லை.

தீர்மானத்துக்கு நான்கு பேர் கை தூக்கினார்கள். எதிர்த்து நான் ஒருவன் தூக்கினேன். "ஒரு மெம்பர் ஆட்சேபித்தார்" என்று குமாஸ்தா எழுதினார். என் பெயரை எழுதச் சொன்னேன். பெயர் எழுதுவது வழக்கமில்லை என்றார். வெளியே வந்தபோது ஜட்கா இல்லை. பிரசிடெண்ட் தன் காரில் ஏறிக்கொண்டே, "சரி, போய்ட்டு வா" என்றார். வாங்க, வா ஆகிவிட்டது. எத்தனை வருஷம் போனாலும் அந்த ஒற்றைச் சொல் என் காதில் இருக்கிறது.

அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள். விறகை உள்ளே தள்ளிவிட்டாள். பிறகு, "நீ அங்க இன்னா பண்ண?" என்று கேட்டாள்.

"ஆட்சேபிச்சேன்."

"உக்காந்துகினா?"

 

நான்கு நாள் கழித்துப் பஜாரில் குமாஸ்தாவைப் பார்த்தேன். வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்து அவருக்கே என்னவோ போல இருந்திருக்க வேண்டும். ஓரமாக அழைத்துப் போய்ச் சொன்னார்: "உனக்குத் தெரியாதாப்பா? கூட்டம் நடக்கணும்னா அஞ்சு பேர் இருக்கணும். அன்னிக்கு அவங்க நாலு பேர்தான். நீ அஞ்சாவது. நீ எழுந்து வாசல் தாண்டியிருந்தா கூட்டமே கெடையாது, தீர்மானமும் கெடையாது. உன் ஓட்டு அவருக்கு வேணாம்ப்பா. நீ உக்காந்திருந்தா போதும்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்?"

"நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்று சொல்லி வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வெற்றிலைப் பெட்டியைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்திருப்பேன். எறியவில்லை. என்னைக் கறிவேப்பிலையாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. முதல் கூட்டத்தில் அவர் தூக்கி வந்து போட்ட நாற்காலியும், தோளில் வைத்த கையும், வாங்க என்ற சொல்லும் எல்லாம் இந்த ஒரு நாளுக்காகவா, இல்லை நடுவில் எப்போதாவது அது நிஜமாகவும் இருந்ததா? இன்றைக்கும் எனக்கு விடை தெரியாது. நிஜமாக இருந்திருந்தால் இன்னும் மோசம் என்று சில சமயம் தோன்றும்.

எங்கள் தெருவில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஒருநாள் காலை கதவைத் திறந்தால் வாசலில் கால் ஒடிந்த பழைய நாற்காலி ஒன்று கிடந்தது. எங்கிருந்து கொண்டுவந்தார்களோ. நான் அதை உடைத்து அடுப்புக்குப் போட்டேன். புளியமரத்தடியில் சாணி தெளித்த இடத்தில் மறுபடி புல் முளைத்தது.

அடுத்த கூட்டத்துக்குப் போய் நாற்காலியில் உட்காராமல் நின்றேன். என் எதிர்ப்பைக் காட்டுகிறேனாம். பிரசிடெண்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நின்னாலும் வந்ததா கணக்குத்தான்" என்றார். குமாஸ்தா நோட்டில் குறித்துக்கொண்டார். அதோடு போவதை நிறுத்திவிட்டேன். தொடர்ந்து மூன்று கூட்டம் போகாததால் என் இடம் தானாகக் காலியானது. பிறகு எங்கள் தெருவிலிருந்தே இன்னொருவரை நியமித்தார்கள். அவருக்கும் நாற்காலி போட்டார்களாம்.

பிள்ளை ஆவணியில் பிறந்தது. அதற்கு முதல் நாள் வரைக்கும் அவள் ஆற்றுக்குப் போனாள். அதற்குப் பிறகு தண்ணீர் எடுக்க நான் போனேன். ஆம்பிளை குடம் தூக்குவதைப் பார்த்து ஆற்றில் பெண்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று இருந்தேன். அவள் எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேருமாகப் போனோம். அவளிடம் எனக்குப் பேச இருந்த சமாதானம் எல்லாம் அந்தக் குடம்தான். அவள் அதை ஏற்றுக்கொண்டாளா என்று தெரியாது. குடத்தை மட்டும் கொடுத்தாள்.

கார்த்திகையில் என்ஜின் ஓடியது. குழாய்த் திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்டு மேளம் வைத்தார்கள். நான் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. எங்கள் தெரு முனைத் தொட்டியில் கொம்புக்குச் சாயம் பூசிய ஒரு ஜோடி மாட்டை முதலில் குடிக்கவிட்டார்களாம். கூட்டம் கை தட்டியதாம். எங்கள் தெருப் பெண் ஒருத்தி மறுநாளே குடத்தோடு போய் நின்றிருக்கிறாள். பியூன் விரட்டிவிட்டான். அவனும் எங்கள் தெருக்காரன்தான். அவன் பிழைப்பு அப்படி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆற்றிலிருந்து திரும்பி வந்தோம். என் தோளில் ஒரு குடம், அவள் தலையில் ஒன்று, இடுப்பில் மூத்த பிள்ளை. கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டிருந்தோம். தெரு முனைக்கு வந்ததும் அவள் நின்றாள். தொட்டி நல்ல வேலைப்பாடு. ஆம்பூர்ப் பக்கத்து மலைக் கல், நான்கு மூலையும் உருட்டியிருந்தது. இரண்டு வண்டி மாடுகள் குடித்துக்கொண்டிருந்தன. தண்ணீர் நிரம்பி விளிம்பில் வழிந்து மண்ணில் ஓடியது. பிள்ளை அதைப் பார்த்துக் கையை நீட்டியது.

தொட்டியின் முன்பக்கம் எழுத்து வெட்டியிருந்தார்கள். எழுத்தைக் கண்டால் அவள் நிற்பாள் என்று சொன்னேனே. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினாள். இன்ன யூனியன் போர்டு. இன்ன தீர்மானப்படி. கீழே பெயர்கள். தீர்மானத்தை எதிர்த்து ஒதுங்கிய பஜார்த் தெருக்காரர்கள் நால்வரும் தங்கள் பெயரைப் போடவிடவில்லை போல. ஐந்து பெயர்கள்தான் இருந்தன. பிரசிடெண்ட், அவருடைய மூன்று பேர், கடைசியில் நான். ஆட்சேபித்தபோது நோட்டில் ஏறாத பெயர் கல்லில் ஏறியிருந்தது.

எனக்கு அது தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அவள் படிக்கப் படிக்கத்தான் தெரிந்துகொண்டேன். நான்கு பெயரையும் சத்தமாகப் படித்தாள். ஐந்தாவதுக்கு வந்தாள். முதல் எழுத்தைச் சொன்னதும் நிறுத்திவிடுவாள், நாக்கைக் கடித்துக்கொள்வாள் என்று நான் காத்திருந்தேன்.

நிறுத்தவில்லை. முழுப் பெயரையும், அப்பா பெயரின் முதலெழுத்தோடு, தெளிவாகப் படித்தாள். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவள் வாயால் என் பெயரைக் கேட்டது அதுதான் முதல் முறை.

மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்த வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். வெளியூர்க்காரர். "யாரும்மா அது, தெரிஞ்சவரா?" என்று கேட்டார்.

அவள் தலையில் குடத்தைச் சரிபண்ணிக்கொண்டாள்.

"போர்டு மெம்பராம்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.